திரும்பியும் வரலையே

"அனுப்பினோம் மேடம், திரும்பியும் வரலையே." போனில் அந்தப் பக்கம் சொன்ன இந்த வரியை, எங்கள் ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸாக இருக்கும் அக்கா என்னிடம் அப்படியே சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, யார் மேலும் பழி போடவும் இல்லை. எனக்குத்தான் அந்த வரி அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் யாராவது "மெயில் போட்டேன், பதிலே இல்லை" என்று சொன்னால் வயிற்றில் ஏதோ செய்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே ஐம்பது அறுபது பேருக்கு மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சொந்த டொமைன், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள், அலுவலக அறையின் மூலையில் ஒரு பெட்டி. ஏன் பெரிய கம்பெனிகளிடம் கொடுத்துவிடவில்லை என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று எழுத வந்தது ஒரே விஷயம்: இல்லாத ஆளுக்கு வரும் மெயிலை என்ன செய்வது? சர்வர் வைத்திருக்கிற எல்லோரிடமும் இதற்கு ஒரு விடை இருக்கும், பெரும்பாலும் உட்கார்ந்து யோசிக்காமல் வைத்த விடை. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அடுத்தடுத்து மூன்று விடைகள் வைத்தேன், மூன்றாவதில் ஒருவருடைய வாழ்க்கையில் ஒரு வருஷம் போனது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் ஊரில் "தவறான முகவரி" என்பது எப்போதோ நடக்கும் விபத்து கிடையாது, தினமும் நடக்கும். செந்திலை ஒருவர் 'டி எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டி' மட்டும் போடுவார், அவருடைய பள்ளிச் சான்றிதழில் 'எஸ்' இருக்காது, 'சி எச்' இருக்கும். இனிஷியல் முன்னாலா பின்னாலா, நடுவில் புள்ளி உண்டா இல்லையா என்பது அடுத்த குழப்பம். எங்கள் மலையில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அவர்களுடைய காகிதங்களில் பெயர்கள் அங்கத்திய எழுத்துக்கூட்டலில் இருக்கும். அக்கா அப்படி ஒரு குடும்பம், தாத்தா காலத்தில் வந்தவர்கள். அவர் பெயர் லட்சுமி என்றே வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி கொடுத்த மெயில் முகவரி இங்கத்திய வழக்கப்படி, 'எல் ஏ கே' என்று தொடங்கும். அவருடைய நர்சிங் சான்றிதழிலோ 'எல் இ டி சி எச்' என்று தொடங்கும். அவர் வாயால் சொல்வதும் லெட்சுமி என்றுதான். போனில் கேட்டு எழுதுகிறவர் எதை எழுதுவார்?

எல்லாவற்றையும் வாங்கு

சர்வர் வைத்த புதிதில் மேலாளர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: எந்த மெயிலும் விட்டுப்போகக் கூடாது. சரி என்று கேட்ச்-ஆல் வைத்தேன். அதாவது @ குறிக்கு முன்னால் என்ன எழுதியிருந்தாலும் வாங்கிக்கொண்டு, ஆள் தெரியாதவற்றை முன் அலுவலகப் பெட்டியில் போட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சில மாதத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கவே முடியவில்லை. ஸ்பாம் அனுப்புகிற எந்திரங்கள் ராஜ், குமார், இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுன்ட்ஸ் என்று அகராதி மாதிரி வரிசையாக ஊகித்து அனுப்பும். நாம் எல்லாவற்றையும் வாங்கினால் அவர்களுடைய ஊகம் எல்லாமே சரியாகிவிடுகிறது, அத்தனை பெயர்களும் அவர்கள் பட்டியலில் ஏறிவிடும், பிறகு இறங்கவே இறங்காது.

ஆனால் நான் கேட்ச்-ஆலை எடுத்தது ஸ்பாமுக்காக அல்ல. ஒரு பெண் தன் கர்ப்பத்தைப் பற்றி டாக்டருக்கு எழுதிய மெயில், டாக்டர் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போய், முன் அலுவலகப் பெட்டியில் விழுந்தது. அன்று அந்தப் பெட்டியைத் திறந்தவர் அந்தப் பெண்ணின் ஊர்க்காரர். அவர் நல்லவர், யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் வந்து "இது எனக்கு ஏன் வருது, எனக்கு வேண்டாம்" என்றார். ஒரு ஹட்டியில், அதாவது எங்கள் மலைக் கிராமத்தில், நடப்பது அடுத்த ஹட்டிக்கு அரை மணியில் போய்ச் சேரும் இடம் இது. அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அன்று மாலையே எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கோ வக்கீல் ஆபீசுக்கோ கேட்ச்-ஆல் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது விடை சரியானதாகவே இருந்தது, பாதியளவுக்கு. எங்கள் சர்வர் இல்லாத ஆட்களை வாசலிலேயே மறுக்கத் தொடங்கியது. ஆனால் எங்களுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்து கேபிள் போகும், கரண்ட் போகும். அதற்காகச் சென்னையில் ஒரு வாடகை சர்வரை மாற்று ஏற்பாடாக வைத்திருந்தேன், இங்கே லைன் இல்லாதபோது அது வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். அந்தச் சர்வருக்கு எங்கள் ஆட்கள் யார் யார் என்று தெரியாது, டொமைன் பெயர் சரியாக இருந்தால் எல்லாவற்றையும் வாங்கும். ஸ்பாம் எந்திரங்களுக்கு இது நன்றாகத் தெரியும், மாற்றுச் சர்வரில் காவல் குறைவு என்று முதன்மைச் சர்வர் நன்றாக ஓடும்போதுகூட வேண்டுமென்றே அங்கேதான் போகும். சென்னைச் சர்வர் வாங்கி எங்களுக்கு அனுப்பும், எங்கள் சர்வர் ஆள் இல்லை என்று மறுக்கும், அப்போது கையில் மெயிலோடு நிற்பது சென்னைச் சர்வர். அது ஒழுங்காக "சேர்க்க முடியவில்லை" என்று அனுப்புநருக்கு எழுதும். அனுப்புநர் முகவரியோ போலி. எங்கேயோ இருக்கிற, எதுவும் அனுப்பாத, அப்பாவி ஒருவருடைய முகவரி.

பேக்ஸ்கேட்டர் என்று இதற்குப் பெயர். எங்கள் பெயரில் யார் யாருக்கோ நூற்றுக்கணக்கில் திரும்பு கடிதங்கள் போயிருக்கின்றன. ஒருவர் நொந்துபோய் எழுதியிருந்தார், நான் உங்கள் ஆஸ்பத்திரிப் பெயரையே கேள்விப்பட்டதில்லை, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று. அதற்குள் சென்னைச் சர்வரின் ஐபி, அதாவது இணையத்தில் அதன் எண் முகவரி, ஸ்பாம் அனுப்புகிறவர்களின் கறுப்புப் பட்டியலில் ஏறி, அதன் வழியாகப் போன எங்கள் உண்மையான மெயில்களும் ஸ்பாம் பெட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டன.

இரவு பதினொரு மணிக்கு, இதை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்ற அவசரத்தில், மூன்றாவது விடையை எழுதினேன். ஒரே வரி. ஆள் தெரியாத எல்லா மெயிலும் டெவ்-நல்லுக்கு. லினக்ஸ் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், எதைப் போட்டாலும் இல்லாமல் ஆகிவிடும் குழி அது. எங்கள் சர்வர் இனி எதையும் மறுக்காது, அதனால் சென்னைச் சர்வர் யாருக்கும் திரும்பு கடிதம் எழுதாது. பிரச்சினை தீர்ந்தது. தற்காலிகம் என்று கான்ஃபிக் கோப்பில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அந்தத் தற்காலிகம் ஒன்றரை வருஷம் இருந்தது.

அந்த மதியம்

அக்கா சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். ஆறு மாதப் பயிற்சி. அது முடித்தால் இங்கேயே ஒரு டயாலிசிஸ் பிரிவு தொடங்க எங்கள் டாக்டருக்கு யோசனை இருந்தது. இப்போது வாரம் இரண்டு மூன்று முறை நோயாளிகள் மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறங்கி ஏறுகிறார்கள், வாந்தி எடுத்துக்கொண்டே. அக்காவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போனில் "உங்க மெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சம்மதக் கடிதத்துக்குப் பத்து நாள் கெடு. அக்கா வரும் வரும் என்று காத்திருந்தார். சீனியர் நர்ஸ், தொந்தரவு செய்யக் கூடாது என்று கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டபோதுதான் அந்த வரி: அனுப்பினோம் மேடம், திரும்பியும் வரலையே. பதில் வராததால் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது.

"தம்பி, எனக்கு ஒண்ணும் வரலையே, கொஞ்சம் பாருங்களேன்" என்று அலுவலக அறைக்கு வந்தார். ஜூலை மாத மதியம், வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பதிவுக் கோப்பில் அந்த ஆஸ்பத்திரியின் டொமைன் பெயரைப் போட்டுத் தேடினேன். நல்ல வேளையாக பழைய பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒரே ஒரு மெயில். காலை 11 மணி 42 நிமிடம். பெறுநர் இடத்தில் 'எல் இ டி சி எச்'. வரியின் கடைசியில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் 'சென்ட்' என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் டெவ்-நல்.

சென்ட். அனுப்பப்பட்டது. என் சர்வர் அந்தக் கடிதத்தை வாங்கி, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சர்வரிடம் 250, பெற்றுக்கொண்டேன் என்று சொல்லி, குழியில் போட்டுவிட்டு, பதிவில் சேர்ப்பித்தாயிற்று என்று எழுதி வைத்திருக்கிறது. நான் எழுதச் சொன்னதைத்தான் எழுதியது. கடிதத்தில் என்ன இருந்தது என்று பார்க்கக்கூட வழியில்லை, அந்த ஒரு வரிதான் மிச்சம். அக்கா திரையைப் பார்த்து, "வந்திருக்குல்ல?" என்றார். வந்தது அக்கா, நான்தான் தூக்கிப் போட்டுட்டேன் என்றேன். அவருக்கு அது புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு, "இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார்.

அப்பா கிளை அஞ்சலகத்தில் கடிதம் கொடுக்கும் வேலையில் இருந்தவர். ஒரே ஹட்டியில் நான்கு போஜன் இருப்பார்கள், மூன்று மாதன் இருப்பார்கள். வீட்டு வாசலில் நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த ஊர் முத்திரை என்று பார்த்து, இது கோயம்புத்தூரில் படிக்கிற பையனுடைய அப்பா போஜன் என்று கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சிவப்பு மையில் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று எழுதித் தேதி போட்டுத் திருப்பி அனுப்புவார். அனுப்பியவர் விலாசமும் இல்லாத கடிதங்களுக்கென்றே அஞ்சல் துறையில் ஆர்.எல்.ஓ. என்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே பிரித்துப் பார்த்து உள்ளே ஏதாவது விலாசம் கிடைக்கிறதா என்று தேடுவார்கள். ஆள் கிடைக்காத ஒரு கடிதத்தை அப்பா ஓடையில் போட்டுவிட்டு 'சேர்ப்பித்தாயிற்று' என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும், போக வேண்டியதும்தான். அந்த மதியம் எனக்கு நினைவு வந்தது அவருடைய சிவப்பு பேனாதான்.

550

அன்றிரவு எஸ்எம்டிபி, அதாவது சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுத்து வாங்கும் முறை, பற்றிய ஆவணத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 1982-இல் வந்த ஆர்எஃப்சி 821. இணையத்தின் விதிகளை எழுதி வைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அதில் முதலில் வரும் உதாரணமே இதுதான்: ஆல்ஃபா என்ற கணினியிலிருந்து ஸ்மித், பீட்டா கணினியில் இருக்கும் ஜோன்ஸ், கிரீன், பிரவுன் மூவருக்கும் கடிதம் அனுப்புகிறார். ஜோன்ஸுக்கு 250, சரி. கிரீனுக்கு 550, அப்படி ஒருவர் இங்கே இல்லை. பிரவுனுக்கு 250. கடிதம் இருவருக்குப் போகிறது, கிரீன் இல்லை என்பது அனுப்பும் பக்கத்துக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. மெயில் எப்படிப் போகும் என்று உலகத்துக்குச் சொன்ன முதல் உதாரணத்திலேயே இல்லாத ஆள் ஒருவரை வைத்திருக்கிறார்கள். பல முறை கண்ணில் பட்டிருக்கிறது, அன்றுதான் படித்தேன்.

இதில் இருக்கிற அழகு, நேரம்தான். அனுப்பும் சர்வர் முதலில் யாரிடமிருந்து என்று சொல்கிறது, அடுத்து யாருக்கு என்று சொல்கிறது, கடிதத்தின் உள்ளடக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. யாருக்கு என்று கேட்ட இடத்திலேயே 550 சொல்லிவிட்டால் கடிதம் நம் கைக்கே வருவதில்லை. திருப்பி அனுப்பும் பொறுப்பும் நமக்கில்லை. அனுப்பும் சர்வரே தன்னுடைய ஆளுக்கு "சேரவில்லை" என்று எழுதிக்கொள்ளும். போலி முகவரியில் வரும் எந்திரமோ 550 கேட்டவுடன் போய்விடும், அப்பாவி யாருக்கும் எதுவும் போகாது. கடைசிவரை வாங்கிக்கொண்டு 250 சொல்லிவிட்டால் கதை வேறு, அப்போது பொறுப்பு முழுக்க நம்முடையது என்று 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321 தெளிவாகச் சொல்கிறது. பேசாமல் தூக்கிப் போடுவதை, மோசடி என்று மிக உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு மட்டுமே யோசிக்கச் சொல்கிறது. எழுத்துக்கூட்டல் மாறியது எந்தக் கணக்கில் மோசடி?

கோயம்புத்தூரில் இதே வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மறுத்தால் எந்த முகவரி இருக்கிறது, எது இல்லை என்று ஸ்பாம்காரனுக்கு நாமே சொல்லிக் கொடுக்கிறோம், அமைதியாக விழுங்குவதே பாதுகாப்பு என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை ஊகங்கள் வருகின்றன என்று நானும் பார்த்தவன்தான். ஆனால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஒரே இணைப்பில் தவறுகள் பத்தைத் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே பதிலைத் தாமதப்படுத்தும், இருபதைத் தொட்டால் இணைப்பைத் துண்டிக்கும், இதெல்லாம் நாம் எதையும் தொடாமலே இருக்கும் அளவுகள். திரும்பத் திரும்ப வருகிற ஐபியை ஃபெயில்2பேன் என்ற மென்பொருளை வைத்து அடைக்கலாம். எங்கள் டாக்டர்கள், நர்சுகள் பெயரெல்லாம் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அதை மறைப்பதற்காக ஒரு மனுஷி அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதை அவளிடமிருந்து மறைக்க வேண்டுமா? நண்பரோடு இதில் இன்னும் சண்டைதான்.

மாற்றும் வேலை பெரிதில்லை, பட்டியல் எடுப்பதுதான் வேலை. முதல் மூன்று நாட்களுக்கு 550-க்குப் பதில் 450 சொல்லும்படி வைத்தேன். 450 என்றால் இப்போது முடியாது, பிறகு வா என்று அர்த்தம். ஒழுங்கான சர்வர்கள் நான்கைந்து நாள் விடாமல் திரும்ப முயலும், அதனால் நான் பட்டியலில் யாரையாவது விட்டிருந்தாலும் கடிதம் தொலையாது. விட்டுத்தான் இருந்தேன். மருந்து சப்ளை செய்பவர் பல வருஷமாக 'ஸ்டோர்ஸ்' என்ற முகவரிக்கு எழுதிக்கொண்டிருந்தார், அப்படி ஒரு பெட்டியே கிடையாது. கேட்ச்-ஆல் காலத்தில் முன் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எல்லாம் குழியில். அவர் ஒவ்வொரு முறையும் போன் பண்ணித்தான் வேலையை முடித்திருக்கிறார். அதைச் சேர்த்தேன். வேலையை விட்டுப்போன இரண்டு டாக்டர்களின் முகவரியை இப்போதிருக்கும் டாக்டருக்குத் திருப்பினேன், நோயாளிகள் பழைய டாக்டருக்குத்தான் எழுதுவார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எழுதுவதற்கான போஸ்ட்மாஸ்டர் முகவரி எப்போதும் திறந்திருக்க வேண்டும், அது விதி. நான்காம் நாள் 550. மறுப்பு வரிக்குக் கீழே அலுவலகத் தொலைபேசி எண்ணும் போகும்படி போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு அடிக்குறிப்பு வைக்கலாம், அதையும் வைத்தேன். தமிழில் வைக்க ஆசைதான், அந்தப் பதில் வரியில் சாதாரண ஆங்கில எழுத்துதான் எல்லா சர்வருக்கும் பிடிபடும்.

சென்னைச் சர்வரை எடுத்துவிடலாமா என்று நிறைய யோசித்தேன். அனுப்புகிறவர்களே நான்கைந்து நாள் முயல்வார்கள் என்றால் மாற்றுச் சர்வர் எதற்கு என்று பலர் கேட்பார்கள், சமவெளியில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 2009 நவம்பர் எனக்கு மறக்கவில்லை. கேத்தி, குன்னூர் பக்கமெல்லாம் மண்சரிந்து நாற்பதுக்கு மேல் பேர் போனார்கள், ரோடும் ரயிலும் நாள்கணக்கில் இல்லை. ஐந்து நாள் என்பது இந்த மலைக்குப் போதாமல் போகலாம். அதனால் சென்னைச் சர்வர் இருக்கிறது, இப்போது அதனிடமும் ஆட்கள் பட்டியல் இருக்கிறது, தினமும் இரவு இங்கிருந்து போகிறது. இங்கே இல்லாத ஆள் அங்கேயும் இல்லை.

எழுத்துக்கூட்டல்தான் மிச்சம். ஆளுக்கு ஒரு முகவரி என்பதை விட்டு, அவரவர் பெயரை வெளியார் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று கேட்டு அத்தனையும் அவர் பெட்டிக்கே வரும்படி செய்தேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மட்டும் ஊகிக்காமல் மறுப்புதான். அக்கா லேப் சீட்டு ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ரேஷன் கார்டில் இருப்பது, நர்சிங் சான்றிதழில் இருப்பது, இலங்கையில் ஹட்டனில் இருக்கும் மாமா எழுதுவது, பேங்க்காரர்கள் எழுதுவது. ஏழு வந்தது. எட்டாவதாக ஒன்றை எழுதத் தொடங்கி அடித்துவிட்டு, "இதுக்கு மேல எழுதினா திருப்பி அனுப்பிடுங்க, அவங்களே கூப்பிடட்டும்" என்றார்.

அடுத்த வருஷம் அதே பயிற்சிக்குத் திரும்ப விண்ணப்பித்தார். அந்த மாதம் முழுக்க அந்த டொமைன் பெயரைத் தினமும் பதிவில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை 10 மணி 6 நிமிடத்துக்கு வந்தது. பெயரின் கடைசியில் 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'இ இ', பட்டியலில் இல்லாத எழுத்துக்கூட்டல். 550, அப்படி ஒருவர் இல்லை, கீழே எங்கள் தொலைபேசி எண். 10 மணி 20-க்கு அலுவலக போன் அடித்தது. எடுத்தவர் வார்டு பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.